ஒரு நக அகலம்

முதல் நாளே கோடு கோணல் என்று ரசமட்டத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்காரி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். இடது மார்பு இருந்த இடத்தில் தழும்பு. நெஞ்சின் நடுவில் ஊதா மையில் ஒரு கூட்டல் குறி. விலாவில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி மாதிரி டேப் ஒட்டியிருந்தது. அவர் தழும்பைப் பார்க்கவில்லை. குறியைத்தான் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

"உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க. சுவத்துலேர்ந்து சிவப்பா ஒரு வெளிச்சம் நூல் மாதிரி மேல விழுந்துச்சு. அது விழுந்த இடத்துல போட்டாங்க."

"இடப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"எது?"

"கோடுதான். வலப்பக்கத்தை விட ஒரு நக அகலம் மேல இருக்கு. கண்ணு பொட்டையா அவனுங்களுக்கு?"

"உங்களுக்கு எங்க போனாலும் இதே வேலைதான்," என்று பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

நாற்பது வருசமாகத் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவர் அவர். அடுத்தவன் வீட்டுக்குப் போனால் உட்காருமுன் தரையை ஒருதரம் பார்ப்பார். பார்த்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் மாட்டார். மட்டம் பார்க்கிற கருவியின் பேரையே கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள், ரசமட்டம் என்று. படிப்பு நாலாவதோடு சரி. படித்தவன் போட்ட கோடு என்றாலே அவருக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். இஞ்சினியர் வரைந்து கொடுக்கும் படத்தில் அறையின் நாலு மூலையும் சதுரமாக இருக்கும். அங்கே போய் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலையும் சதுரமாக இருக்காது. அந்தக் கோணலை வீட்டுக்காரன் கண்ணுக்கு நேராகக் காட்டித்தான் அவர் இத்தனை நாள் பிழைத்தார்.

கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. மருந்து ஏற்றி முடி கொட்டி, அதுவும் முடிந்தது. மிச்சம் இருந்தது கதிர் வைத்தியம். இருபத்தைந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் படுத்துவிட்டு வருவதுதான் என்றார் டாக்டர். பத்து நிமிச வேலைக்கு இருபத்தைந்து நாள் எதற்கு என்று ரசமட்டம் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். சிரித்ததும் அவர் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று.

வீடு மாற்றும் சாமான்களை ஏற்றுகிற பழைய வேன் ஒன்றை மச்சினன் வைத்திருந்தான். காலையில் அக்காவை அவன்தான் கொண்டுபோய் விட்டான். வெயில் ஏழு மணிக்கே ஏறிவிடும். வேனுக்குள் யார் வீட்டு மெத்தை வாடையோ அடிக்கும்.

"மாமா, இன்னைக்கு எத்தனாவது?"

"ஆறு."

"இன்னும் பத்தொன்பதா? நீங்க ஒரு குளியலறையை முடிக்கிறதுக்குள்ள அக்காவுக்கு முடிஞ்சிடும்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

"ரோடு கோணலா இருக்கு மாமா. எறங்கி நேர் பண்ணிட்டு வாங்களேன்."

வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது வேனுக்குள்தான்.

கீழ்த்தளத்தில் ஒரு நீள நடை. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியில் ஒரு தடித்த கதவு. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். மெஷினைப் பார்த்துக்கொள்கிற குண்டான அம்மா ஒருத்தி வந்து பேரைக் கூப்பிடுவாள். ஒருநாள் அவளை ரசமட்டம் மடக்கினார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும்னு யாரு சொல்றா? நீங்களா?"

"மொத்தம் எவ்வளவுன்னு டாக்டர் எழுதுவார். அது எந்தப் பக்கத்துலேர்ந்து, எந்தச் சாய்வுல, எவ்வளவு போகணும்னு கணக்குப் போட்டுத் தர்றது வேற ஒருத்தங்க. டோசிமெட்ரிஸ்ட்டுன்னு சொல்லுவோம். அந்தக் கடைசி ரூம்ல இருப்பாங்க."

"அவங்க இவளைப் பாத்திருக்காங்களா?"

"பாக்க வேண்டியதில்ல ஐயா. ஸ்கேன் இருக்குல்ல."

இது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வீட்டைப் பார்க்காமல் போனிலேயே கூலி பேசுகிற மேஸ்திரி மாதிரி இருந்தது. அந்த வாயில் நுழையாத பேரை விட்டுவிட்டு, 'கணக்கம்மா' என்று வைத்துக்கொண்டார். கடைசி அறைக் கதவு எப்போதும் மூடியே இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற யாரையும் அவர் நம்பியதில்லை.

இரண்டாவது வாரம் வெயில் இன்னும் ஏறியது. மின்விசிறி சூட்டைத்தான் வீசியது. வேர்வையில் டேப் உரிந்து, மை சட்டையில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது குறிகள் நிழல் மாதிரி மங்கியிருந்தன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்து வீட்டுக்காரி படித்தாள். "'கோடு அழிந்தால் நீங்களே வரையக் கூடாது. எங்களிடம் சொல்லவும்'னு போட்டிருக்குங்க."

"சொன்னா?"

"பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா இருப்பாங்கல்ல, அவங்களுக்கு அழிஞ்சு போச்சாம். மறுபடி ஸ்கேன் எடுத்து, ஒரு வாரம் நிறுத்திட்டாங்களாம்."

"ஒரு வாரமா?"

"அந்த ஒரு வாரத்துல திரும்ப வளந்துட்டா என்ன பண்றதுன்னு அந்தம்மா ஒரே அழுகை."

ரசமட்டம் எழுந்து கருவிப் பையை எடுத்து வந்தார். "இருக்கிற கோட்டு மேல கோடு போடறதுக்கு ஒரு படிப்பு வேணுமா? படு."

வீட்டிலேயே மட்டமான இடம் சமையலறைத் தரை. அவரே போட்டது. அங்கே துண்டை விரித்துப் படுத்தாள். கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். டைல்ஸில் குறி போடுகிற ஊதாப் பேனாவால் நடுக்குறியை வரைந்தார். வலப்பக்கத்தை வரைந்தார். இடப்பக்கத்துக்கு வந்தபோது கை நின்றது. நூலை எடுத்து வலக்கோட்டிலிருந்து இடக்கோட்டுக்கு இழுத்துப் பிடித்தார். நூலுக்கு மேல் ரசமட்டத்தை வைத்தார். இரும்பு பட்டதும் அவளுக்குக் கூசியது.

"சில்லுனு இருக்குங்க."

"அசையாத."

"நான் என்ன உங்க சுவரா?"

"சுவரா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். அசையாதங்கறேன்ல."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. பழைய இடக்கோடு நூலுக்கு மேலே, ஒரு நக அகலம் தள்ளி, மங்கலாகத் தெரிந்தது. அவர் துணியை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தார். நூலை ஒட்டிப் புதுக்கோடு போட்டார். நல்ல கோடு. நாற்பது வருசத்தில் அவர் போட்ட எந்தக் கோட்டுக்கும் குறைந்ததில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எந்திரி."

திங்கள் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. அவர் மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போனார். ஒரு மாடி வீட்டின் குளியலறை. சுவர் டைல்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வாரத்துக்கு ஒருதரம் படம் பிடித்துப் பார்க்கிற நாள். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. குண்டம்மா வெளியே வந்து கடைசி அறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டாள். வீட்டுக்காரி ஆஸ்பத்திரி அங்கியோடு மெஷின் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கோட்டை யாரு வரைஞ்சது?"

அவர் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரி சொன்னாள். "வேர்வையில அழிஞ்சுடுச்சும்மா. ஒரு வாரம் நிறுத்திடுவீங்களோன்னு பயம். இவர் அதுமேலயே வரைஞ்சார். நான்தான் கூச்சத்துல அசைஞ்சுட்டேன். அதுல நகந்திருக்கும்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா. தாள்லயும் போட்டுக் கொடுத்தோமே."

"தப்புதான்."

"அசைஞ்சாங்களா ஐயா?"

மெஷின் அறை குளிராக இருந்தது. அவருக்குக் கால் விரல் மரத்துப்போன மாதிரி இருந்தது.

"ஆமா," என்றார். "அசைஞ்சா."

குண்டம்மா அதை எழுதிக்கொண்டாள். அன்றைக்கு வைத்தியம் இல்லை, வீட்டம்மா வெளியே உட்காரட்டும், நீங்கள் கடைசி அறைக்குப் போங்கள் என்றாள்.

மூடியே கிடந்த கதவு அன்று திறந்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை. மேசையில் இரண்டு திரைகள், ஆடை படிந்த டீ, பாதி கடித்த பிஸ்கட். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கணக்கம்மாவைப் பெரிய ஆளாக எதிர்பார்த்திருந்தார். இவளைப் பார்த்தால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி இருந்தது.

"உக்காருங்க ஐயா. என்னைக்கு வரைஞ்சீங்க?"

"ஞாயித்துக்கெழமை."

"அப்ப திங்கள்லேர்ந்து நேத்து வரைக்கும் நாலு நாள்." எழுதிக்கொண்டாள். "அவங்க அசைஞ்சதுல நகந்துடுச்சுன்னு எழுதியிருக்காங்க."

"ஆமா."

திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரியின் விலாவும் ஊதாக் கோடும்.

"அசைஞ்சப்ப போட்ட கோடு நான் நிறையப் பாத்திருக்கேன். நடுங்கும், வளையும். இது அச்சு எடுத்த மாதிரி இருக்கு. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"டைல்ஸ் ஒட்டுறேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"நேர் பண்ணிட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். நாலாவது வரிசையில் ஒரு டைல் தூக்கிக்கொண்டு நின்றது. எவனோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறான்.

"கோணலா இருந்துச்சும்மா."

"கோணலாத்தான் இருக்கும். இங்க சாய்வுப் பலகையில படுத்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வெச்சிருப்பாங்க. தோல் இழுத்துக்கிட்டு நிக்கும். அப்ப அந்தக் கோடு நேர். வீட்டுல தரையில கையைக் கீழ போட்டுப் படுத்தா தோல் எறங்கிடும். ஒரு பக்கம் வெட்டி எடுத்த உடம்பு வேற. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எறங்காது."

அவள் சொன்னது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் கத்தியிருப்பார்.

அவள் படத்தை மாற்றினாள். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் சிவப்பில் ஒரு கோடு நெளிந்து ஓடியது.

"இது உங்க வீட்டம்மாவோட இதயம். அவங்க முகத்தை நான் பாத்தது கிடையாது. ஆனா இந்தச் சிவப்புக் கோடு நான் கையால வரைஞ்சது. ரொட்டியை அறுத்த மாதிரி ஸ்கேன் துண்டு துண்டா வரும். ஒவ்வொரு துண்டுலயும் இதயம் எது, நுரையீரல் எதுன்னு வரையணும். இதயம் மட்டும் நாப்பத்தி மூணு துண்டு."

"ஒண்ணுகூட நேரா இல்ல."

"உள்ள எதுவும் நேரா இல்ல ஐயா."

நெஞ்சுச் சுவரை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒளியைச் சாய்த்து வைத்திருந்ததாகச் சொன்னாள். வலியில்லாமல் கிடந்த கட்டியின் விதை எதுவும் அங்கே மிச்சம் இருந்தால் சாக வேண்டும். அதற்குப் பின்னாலேயே இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாமல் போக வேண்டும். கோடு கீழே இறங்கியதும், வெளிச்சத்தைக் கோட்டோடு பொருத்துகிறவர்கள் உடம்பை அந்த அளவு தூக்கித் திருப்பிவிட்டார்கள். ஒளி அந்த அளவு உள்ளே இறங்கிவிட்டது.

"நாங்களும் அன்னைக்கே கவனிச்சிருக்கணும். டேப் இல்லாம வந்தப்பவே கேட்டிருக்கணும். அதையும் எழுதியிருக்கேன்," என்றாள்.

"எவ்வளவு போயிருக்கு?"

"இந்த நாலு நாள்ல இதயத்துக்குப் போயிருக்க வேண்டியதைப் போல மூணு மடங்கு."

"எடுக்க முடியாதா?"

"எதை?"

"போனதை."

"முடியாது."

"செத்துப் போவாளா?"

"இதனால இன்னைக்கோ நாளைக்கோ ஒண்ணும் ஆகாது. பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு இதயத்துல கோளாறு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கு. எவ்வளவுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. சொன்னா அது பொய்."

அந்த ஆஸ்பத்திரியில் அவர் காதில் விழுந்ததில் நம்பக்கூடிய பேச்சு அதுதான்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாங்க தரை போடும்போது அறை சதுரமா இல்லன்னா எங்கயாவது ஒரு ஓரத்துல முழு டைல் பத்தாம வெட்டுத் துண்டு விழும். அதைக் கதவுக்குப் பின்னால, கட்டிலுக்கு அடியிலன்னு தள்ளிடுவோம். இந்தத் துண்டு எங்க விழும்?"

"அதைத்தான் காலையிலேர்ந்து தள்ளிக்கிட்டிருக்கேன்." திரையில் கோடுகள் நகர்ந்தன. "மிச்ச நாளும் பழைய மாதிரியே வெச்சா இதயத்துக்கான அளவு தாண்டிடும். இதயத்தை முழுசா விட்டுட்டா நெஞ்சுச் சுவத்துல ஒரு பட்டைக்கு ஒளி போகாது. நோய் அங்கேர்ந்து திரும்பலாம். எங்க தள்ளினாலும் ஒண்ணு கெடுது."

"அப்ப?"

"ஒரு வழி இருக்கு. ஆழமா மூச்சு இழுத்துப் பிடிச்சா நுரையீரல் ஊதிக்கும். இதயம் சுவரை விட்டு விலகிக் கீழ போகும். அந்த இடைவெளியில ஒளியை விட்டுடலாம். திங்கக்கெழமை அப்படி மூச்சுப் பிடிச்சபடி புது ஸ்கேன் எடுக்கணும். நான் மறுபடி மொத்தத்தையும் வரைஞ்சு கணக்குப் போடுவேன், இன்னொருத்தர் சரி பார்ப்பார். அவங்க ஆடாம அசையாம இருபத்தஞ்சு எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிக்கணும். திரும்பத் திரும்ப. வீட்டுல பழகச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். கதவு வரைக்கும் போனவரை அவள் கூப்பிட்டாள்.

"ஐயா. அசைஞ்சாங்கன்னு அங்க எழுதினதை நான் திருத்திடுவேன். என் கணக்குக்கு உண்மையான காரணம் வேணும். செவ்வாய்க்கெழமை டாக்டர் அவங்களை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்வார். அதுக்கு முன்னாடி சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

வேனில் மச்சினன் கேட்டான். "என்ன மாமா, உள்ள கூப்பிட்டு என்ன சொன்னாங்க?"

"மூச்சுப் பிடிக்கச் சொன்னாங்க."

"உங்களையா?"

"உங்கக்காவை."

"அப்பாடா. உங்களைப் பிடிக்கச் சொன்னா நாங்க கொஞ்ச நேரம் நிம்மதியா இருப்போம்னு பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தில் வேன் ஆடியபோது, ஆடிவிடக் கூடாது என்பது போல உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனார். குளியலறைச் சுவரில் நாலு வரிசை ஏற்றினார். கலவை தடவினார், டைலை வைத்தார், தட்டினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. நின்றதைப் பார்த்தும் மனசில் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் வேகவைத்த முட்டையும் ரொட்டியும் இருந்தது. தின்றார்.

"உங்களுக்கும் என்னால கெட்ட பேரு," என்றாள் அவள். "சொன்னபடி அசையாம கிடந்திருக்கலாம். என்னமோ சில்லுனு பட்டதும் ஒரு கூச்சம்."

அவர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல. "ஒரு நிமிசம். ஒரு நிமிசம் அசையாம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்." அவர் வெளியே போய்க் கடைவீதி வரை நடந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை புது ஸ்கேன் எடுத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பதில் மூச்சு விட்டுவிடுகிறாள், இன்னும் பழக வேண்டும் என்றாள் குண்டம்மா. மறுநாள் பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தடவை பதினாறு. இரண்டாவது இருபது. மூன்றாவது தடவை பத்தொன்பதில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தாள்.

"இழு," என்றார்.

நெஞ்சு ஏறி நின்றது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு. எட்டு." அவள் இப்போது பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. இன்னும் பதினேழு இருந்தது.

"நீ அசையல," என்றார்.

மின்விசிறி சுற்றியது.

"அன்னைக்கு நீ அசையவே இல்ல. கோடு கோணலா இருக்குன்னு நான்தான் அழிச்சுட்டு எறக்கிப் போட்டேன். ஆஸ்பத்திரியில நீ உன் மேல போட்டுக்கிட்டப்ப ஆமான்னுட்டேன்."

அவள் கண் மட்டும் கூரையை விட்டு அவர் பக்கம் திரும்பியது. நெஞ்சு இறங்கவில்லை. கழுத்து நரம்பு எழும்பி நின்றது. உதடு வெளுத்தது. தலைக்கு மேல் பின்னியிருந்த விரல்கள் அப்படியே இருந்தன. அவர் அந்த விரல்களைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

கடைசியில் மூச்சு நீளமாக, சத்தத்தோடு வெளியே வந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று தடவை சும்மா மூச்சு வாங்கினாள்.

"எத்தனை வந்துச்சு?"

"எண்ணல."

அவள் மறுபடி கூரையைப் பார்த்தாள். கைகளைத் தலைக்கு மேல் சரிப்படுத்திக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து எண்ணுங்க," என்றாள். "பேசாம எண்ணுங்க."